மேட்டு விளையைப் பள்ளமாக்கியவர்

வன்னியபெருமாள் நிலத்தை விற்கவில்லை. மண்ணைத்தான் விற்றார். இரண்டும் வேறு வேறு என்று அந்தக் காலத்தில் சேந்தன்விளையில் எல்லோருமே நம்பினார்கள். அவர் கொஞ்சம் கூடுதலாக நம்பினார், அவ்வளவுதான்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டிய காலம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி நீட்டிக்கொண்டே போனார்கள். வேலையாட்களுக்கு முத்தையாபுரம் பக்கம் வீடு கட்ட வேண்டும். அங்கே தரை சதுப்பு. காலை வைத்தால் கணுக்கால் வரைக்கும் உப்புச் சேறு. அதை மேடாக்க மண் தேவைப்பட்டது. லாரிகள் மண்ணைத் தேடித் தெற்கே இறங்கி வந்தன.

சேந்தன்விளை பஸ் ரோட்டிலிருந்து கிழக்கே ஒரு நடை தூரம். கடல் பக்கத்தில்தான், ஆனால் அலைச்சத்தம் கேட்காது. காற்றில் மட்டும் உப்பு இருக்கும். ஊர் மண் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்த ஊர் ஆம்பிளைகள் ஏரல் சந்தைக்குப் போனால், வேட்டிக் கரையைப் பார்த்தே எந்த ஊர் என்று கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு துவைத்தாலும் அந்தச் சிவப்பு போகாது. கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியிலும் லேசாகத் தெரியும். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

அந்தப் பக்கம் புஞ்சை நிலத்தை விளை என்பார்கள்; ஊரிலேயே மேடான விளை வன்னியபெருமாளுடையது. அப்பா வழியில் வந்தது. மானாவாரியாய்க் கம்பும் எள்ளும் பயறும் போடுவார். அந்தப் பயறு அவர் வீட்டுக்கே உரியது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு. கொடி நீளமாய் ஓடும், காய்க்க நாளாகும், அதனால் மற்றவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. அவித்துத் தின்றால் அப்படி ஒரு ருசி. மழை ஓய்ந்தபின் கிணற்றில் துலா போட்டு இறைத்துக் கத்திரியும் மிளகாயும் வைப்பார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் தரைக்கு அடியில் முழுக்க உப்புத் தண்ணீர். பெய்த மழைத்தண்ணீர் அதன் மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். மேலாக மெள்ள இறைத்தால் இளநீர். பேராசைப்பட்டுக் கிணற்றை ஆழமாக்கினால் வாயில் வைக்க முடியாது. இது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிணற்றுக்குத் தெரிந்த நியாயம் வயலுக்கும் உண்டு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அங்கேதான் எல்லாரும் இடறினார்கள்.

வன்னியபெருமாளுக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. குளம் நிரம்பி வழிகிற மறுகால் தண்ணீர் ஓடுகிற ஓடை அவர் விளைக்குத் தெற்கே, தாழ்வில் போகும். கார்த்திகை மாதம் அது நுரைத்துக்கொண்டு ஓடும். பள்ளத்து வயல்காரர்கள் வாய்க்காலை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். இவர் வரப்பில் நின்று பார்ப்பார். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. “எங்கய்யா இந்த ஓடையைப் பாத்துப் பாத்தே செத்தாரு” என்பார். உண்மையில் அவர் செத்தது மஞ்சள்காமாலையில். ஆனாலும் மகன் சொன்னதில் தப்பில்லை. கம்பங்கஞ்சி குடித்த வீட்டில் ஒரு தடவையாவது சொந்த நெல்லைக் குத்திச் சோறாக்க வேண்டும் என்று அப்பனும் மகனும் ஆசைப்பட்டார்கள்.

லாரிக்காரர்களுக்கு மண் பிடித்துக் கொடுக்கிற வேலையைப் பேச்சிமுத்து பார்த்தான். வன்னியபெருமாளின் மனைவி அருணாசலவடிவுக்குத் தம்பி. வெள்ளைச் சட்டை, சைக்கிள், பையில் எப்போதும் ஒரு பேனா. ஒருநாள் அக்காள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அத்தான், நிலத்தை யாரு கேக்கா? மண்ணுதான் கேக்காக. நிலம் ஒங்க நிலமாத்தான இருக்கப் போவுது.”

வடிவு மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஏலே பேச்சி, மண்ணை எடுத்துட்டா மிச்சம் என்னல இருக்கும்? பட்டாவா?”

“அடியில மண்ணே இல்லையாக்கும். தோண்டத் தோண்ட மண்ணுதானக்கா.” அவன் அத்தான் பக்கம் திரும்பிக்கொண்டான். “ஒரு இடுப்பளவு எடுத்துட்டா விளை ஓடைக்குச் சமமா எறங்கிரும். தண்ணி தானா வந்து பாயும். துலாவும் வேண்டாம், தோள் வலியும் வேண்டாம். நெல்லு போடலாம். மண்ணு வெட்டுத கூலியும் அவுகளே குடுக்காக. இப்படி ஒரு காரியம் யாருக்கு வாய்க்கும்?”

நெல்லு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் பேசினது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அவர் விளைக்கு மேற்கே, ஒட்டினாற்போல் இன்னொரு விளை. நடுவில் கிணறு. அந்த மேற்கு விளை வடிவின் மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது மஞ்சள் செலவுக்கு என்று சொல்லி, பெண்ணின் பேருக்குப் பிறந்த வீட்டார் எழுதிக் கொடுக்கிற நிலம் அது. உழுவது புருஷனாக இருந்தாலும் வார்த்தை அவளுடையது. இரண்டும் ஒரே மட்டம், ஒரே மண். பேச்சிமுத்து அதற்கும் சேர்த்துத்தான் வந்திருந்தான்.

“அக்கா, ஒன் விளையையும் சேத்து எறக்கிட்டா ஒரே வயலாப் போயிரும்.”

“எங்கய்யா குடுக்கும்போது எவ்வளவு ஒசரமா குடுத்தாரோ அவ்வளவு ஒசரமா இருக்கட்டும்,” என்றாள் வடிவு. “அவுக வேணும்னா அவுகளுதை எறக்கிக்கிடட்டும். பெறகு என் விளையை அண்ணாந்து பாக்கட்டும்.”

வன்னியபெருமாள் சிரித்தார். “ஏளா, கார்த்திகையில பாரு. நீதான் மேல நின்னு கீழ என் நெல்லைப் பாப்ப.”

வெட்ட ஆரம்பித்தார்கள். சுற்று வட்டாரத்து ஆட்கள் மண்வெட்டியும் ஓலைக் கடவமுமாக வந்து நின்றார்கள். லாரிகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை உறுமிக்கொண்டு கிடந்தன. ஊரே திருவிழா மாதிரி இருந்தது. தேநீர்க் கடை ஒன்று முளைத்தது. முதலில் சிவப்பாக வந்தது மண். அப்புறம் பழுப்பு. பிறகு சாம்பல் நிறம், நடுநடுவே சிப்பித் துண்டுகள். வன்னியபெருமாள் ஒரு சிப்பியை எடுத்துக் காட்டினார்.

“ஏலே, இது என்னல?”

“சுண்ணாம்பு அத்தான். நெல்லுக்கு ரொம்ப நல்லது,” என்றான் பேச்சிமுத்து. அவனுக்கும் தெரியாதுதான். பொய் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தானே.

அந்த வருஷம் கார்த்திகையில் ஓடை பெருகியது. வன்னியபெருமாள் மண்வெட்டியால் ஒரு வெட்டுத்தான் வெட்டினார். தண்ணீர் குழந்தை மாதிரி தவழ்ந்து வந்து வயலுக்குள் இறங்கியது. அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிறவர் மாதிரி நின்றார். அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. வீட்டில் பானையில் இருந்த பயறு விதை முழுவதையும் ஈரம் இருக்கிறதே என்று வரப்போரம் ஊன்றிவிட்டார். நடுவில் நாற்று நட்டார். ஊரில் உள்ளவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். இன்னும் நாலைந்து பேர் பேச்சிமுத்துவைத் தேடிப் போனார்கள்.

பயறு தண்ணீரில் ஊறி அழுகியது. நெல் தையில் பச்சையாய்த்தான் நின்றது. மழை விட்டு வெயில் ஏற ஏற, தாளின் நுனி செம்பட்டையானது. அப்புறம் நடு. மாசியில் வயலின் மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கிணற்றை ஆழமாக்கினால் என்ன ஆகுமோ அது வயலுக்கு ஆகியிருந்தது. வயல் முழுவதையும் ஒரு பெரிய கிணறாகத் தோண்டிவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம்.

வடிவு அன்றைக்கும் நேரத்துக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஏசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். மேற்கு விளை இப்போது பக்கத்தில் மாடிப்படி மாதிரி உயர்ந்து நின்றது. மழை பெய்தால் அதன் ஓரம் பொத்துக்கொண்டு கீழ் வயலில் சரிந்தது. முதல் சரிவைப் பார்த்துவிட்டு வடிவு இடுப்பில் கை வைத்தாள்.

“ஒங்க வயலு என் மண்ணைத் திங்குது.”

“ஒரே வீட்டு வயலுதானளா.”

“அது எப்படி? ஒங்க மண்ணு முத்தையாபுரத்துல கெடக்கு. இது என் மண்ணு. எடுத்து மேல போடுங்க.”

எடுத்துப் போட்டார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் விடியற்காலையில் வன்னியபெருமாள் கடவத்தில் மண்ணை அள்ளி மேலே ஏற்றுவதை அந்த வழியே சந்தைக்குப் போகிறவர்கள் பார்ப்பார்கள். “என்ன அண்ணாச்சி, மாமியார் வீட்டுக்கு மண்ணு சொமக்கியளா?” என்று கேட்பார்கள். அவர் “ஆமா, நீயும் ரெண்டு கடவம் சொமந்துட்டுப் போ” என்பார். வடிவு ஓரம் முழுவதும் நொச்சியும் ஆவாரையும் நட்டாள். வேர் பிடிக்க இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை அவர் சுமந்தார்.

அந்த மேற்கு விளைதான் இப்போது வீட்டுக்குச் சோறு. கத்திரியும் வெங்காயமும் கீரையும் அதில்தான். வடிவு ஒரு அடி இடத்தைச் சும்மா விடமாட்டாள். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்கவிடமாட்டாள். நொச்சித் தழையோடு சேர்த்துப் பாத்திக்கு மேலேயே பரப்புவாள். “வெயிலு மண்ணைப் பாக்கக்கூடாது” என்பாள். தண்ணீரைக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இறைக்கச் சொல்வாள். பாங்கிக்காரர்கள் ஆயில் எஞ்சினுக்குக் கடன் தருகிறோம் என்று ஊருக்குள் வந்தபோது அவள் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். கையெழுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த விளைக்காரர் எஞ்சின் போட்டார். அது ஒரே மூச்சில் நல்ல தண்ணீர் முழுவதையும் உறிஞ்சியது. இரண்டாவது கோடையில் அவர் கிணறு கரித்துப்போனது.

துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தை மாதம் பேச்சிமுத்து மறுபடியும் வந்தான். இப்போது சைக்கிள் இல்லை, மோட்டார் சைக்கிள்.

“அத்தான், அந்தப் பள்ளத்துக்கு ஒரு நல்ல காலம் வந்திருக்கு. உப்பளம் போடுத முதலாளி ஒருத்தரு கேக்காரு. கிழக்க உள்ள நாலு பேரும் சரின்னுட்டாக. ஒங்க பள்ளமும் சேந்தா ஒரே நீளமாப் பாத்தி கட்டலாம். போர்க்கெணறு ஒண்ணைப் போட்டு உப்புத்தண்ணியை மேல எடுத்து விட்டுக்கிடுவாக. இனி நெல்லும் வேண்டாம், புல்லும் வேண்டாம். காசை வாங்கிட்டு நிம்மதியா இருங்க.”

வன்னியபெருமாள் யோசித்தார். வயல் ஒன்றுக்கும் ஆகவில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுற்று வழியில் நடந்தார். விற்றுவிட்டால் பார்க்க வேண்டியதில்லை. அவரைப் பிடித்து இழுத்தது காசைவிட அதுதான்.

வடிவு கேட்டாள். “உப்பளம் வந்தா கெணறு?”

பேச்சிமுத்து பையில் மோட்டார் சைக்கிள் சாவியைத் துழாவினான். வயலில் உப்புத் தண்ணீரைக் கட்டி நிறுத்தினால், ஓரத்தில் இருக்கிற கிணறு என்னவாகும் என்று இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிணறு போனால் மஞ்சக்காணி போச்சு.

“அவுக வயலு, அவுக விக்கட்டும்,” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு. வித்த பெறகு என் விளையில கால் வைக்கக்கூடாது. உப்பு படிஞ்ச காலோட வேண்டாம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அதற்கு அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சோறு வரும், தண்ணீர் வரும், பேச்சு மட்டும் வராது.

கையெழுத்துப் போடுவதற்கு என்று ஒருநாள் பேச்சிமுத்து முத்தையாபுரத்துக்கு வரச்சொன்னான். வன்னியபெருமாள் பெட்டியிலிருந்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது முதலாளி வரவில்லை. ஆபீஸ் வாசலில் சும்மா நிற்கப் பிடிக்காமல், எதிரே புதிதாய்க் கட்டியிருந்த துறைமுக வீடுகளின் பக்கம் நடந்தார்.

தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. பையன்கள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய காக்கி நிக்கரும் பின்பக்கம் சிவப்பாக இருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத அந்தச் சிவப்பு. அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனார். சொந்தக்காரர் வீட்டைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது அவர் நடை.

கடைசி வரிசையில் ஒரு வீட்டு முன்னால் பழைய மீன்வலையைக் கம்பில் கட்டி விரித்திருந்தார்கள். வலை முழுவதும் கொடி ஏறிக் கிடந்தது. காய்ந்த நெற்று பாதி, பச்சைக் காய் பாதி. உள்ளே ரேடியோவில் இலங்கை நிலையம் பாடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நெற்றைப் பிடித்து உடைத்தார். பாதி வெள்ளை, பாதி சிவப்பு.

“யாரு அண்ணாச்சி, வெயில்ல நிக்கிய?”

ஒரு பெண் வெளியே வந்தாள். பிளாரன்ஸ் என்று பேர். புருஷன் ரோச் துறைமுகத்தில் வேலை பார்த்தான். அதற்கு முன்னால் தோணியில் போய்க்கொண்டிருந்தவன். அவனும் பின்னாலேயே லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இந்தப் பயறு எங்கன வாங்கினிய?” என்று கேட்டார் வன்னியபெருமாள்.

“எங்கயும் வாங்கல,” என்றாள் பிளாரன்ஸ். “நாங்க வந்த வருசம் மழையில தானா முளைச்சது. மண்ணோட வந்திருக்கு போல. இவுக புடுங்கிப் போடுன்னாக. கெடந்துட்டுப் போவுதுன்னு விட்டேன். இப்ப வருசா வருசம் ஊனுதேன். இந்த வரிசைக்கே நாந்தான் வெத குடுத்தேன்.”

“மண்ணு அப்படி அண்ணாச்சி,” என்றான் ரோச். “எதைப் போட்டாலும் வருது. நான் கடல்ல கெடந்தவன், எனக்கே வெண்டைக்கா காய்க்குதுன்னா பாத்துக்கிடுங்க. எந்த ஊரு மண்ணோ தெரியல. எந்த மடையன் வித்தானோ.”

“ஏங்க, தெரியாத ஆள அப்படிப் பேசலாமா?” என்றாள் பிளாரன்ஸ்.

“மடையன மடையன்னு சொல்லாம மானேஜர்னா சொல்லுவாக? இந்த மண்ணை லாரியில ஏத்தி விட்டவனுக்குத் தலைக்குள்ள என்ன இருந்திருக்கும்?”

வன்னியபெருமாள் நெற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சொன்னார். “நெல்லு இருந்தது.”

“என்னது?”

“தலைக்குள்ள. நெல்லு போடணும்னு இருந்தது. அந்த மடையன் நாந்தான்.”

ரோச்சுக்கு முகம் செத்துப்போனது. லேஞ்சியை மடித்தான், விரித்தான், மறுபடியும் மடித்தான். பிளாரன்ஸ்தான் சமாளித்தாள். “உள்ள வாங்க அண்ணாச்சி. குசினியில காப்பி கெடக்கு” என்று கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவர் காப்பி குடித்தார். நடந்ததைச் சொன்னார். யாரிடமும் அதுவரை முழுக்கச் சொன்னதில்லை. வடிவு சொன்ன கடைசி வார்த்தையையும் சொன்னார்.

பிளாரன்ஸ் கேட்டுவிட்டு, “அப்ப இப்ப அந்தப் பள்ளத்தையும் வித்து அக்கா வயலையும் போக்கப் போறியளா?” என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், இன்றைக்கு என்ன மீன் என்று கேட்கிற மாதிரி.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கும்போது ரோச் வாசலில் நின்றான். “ஒரு சாக்கு மண்ணு வேணும்னா அள்ளித் தாரேன் அண்ணாச்சி. ஒங்க மண்ணுதான.”

“இனி ஒங்க மண்ணு,” என்றார் வன்னியபெருமாள். “நல்லா வச்சிருக்கிய. இருக்கட்டும்.”

பயறு மட்டும் வாங்கிக்கொண்டார். பிளாரன்ஸ் ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

ஆபீஸ் வாசலில் பேச்சிமுத்து எரிச்சலாக நின்றிருந்தான். “எங்க அத்தான் போனிய? முதலாளி ரெண்டு தரம் கேட்டுட்டாரு.”

“மண்ணைப் பாக்கப் போனேன்.”

“எந்த மண்ணை?”

“நீ ஏத்திட்டு வந்தயே, அதை.”

அவன் முழித்தான். “அது எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. காய்ச்சுத் தள்ளுது. நான் வீட்டுக்குப் போறேன்ல. கையெழுத்து இல்லைன்னு அவருட்ட சொல்லிரு.”

“அத்தான், அந்தப் பள்ளத்தை வச்சி என்ன செய்யப் போறிய?”

“பள்ளமா வச்சிருக்கப் போறேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, பள்ளமாக வைத்திருந்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அதையே யோசித்தார். வீட்டுக்கு வந்து வடிவின் முன்னால் பயறு முடிச்சை வைத்து, விற்கவில்லை என்றார். அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“பள்ளத்துல மழைத்தண்ணி எத்தனை நாளு நிக்கும்?” என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் பேசின முதல் பேச்சு அது.

“வடிய விடாட்டா மாசி வரைக்கும் நிக்கும்.”

“அப்ப வடிய விடாதீய. நல்ல தண்ணி மேல நின்னா உப்பு கீழ போவும்லா. கெணறு பக்கத்துலதான இருக்கு.”

அந்தச் சித்திரையிலிருந்து வன்னியபெருமாள் கிழக்கு ஓரத்தில் வரப்பு போட ஆரம்பித்தார். ஆள் உயரத்துக்குப் போட்டார். களிமண்ணைக் குளத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து மிதித்து மிதித்துக் கட்டினார். ஊர் சிரித்தது. வயலைக் குளமாக்குகிறான் என்றார்கள். எந்த ஓடைத் தண்ணீரை நெல்லுக்காக ஆசைப்பட்டு உள்ளே விட்டாரோ, அதே தண்ணீரை இப்போது ஒன்றுக்கும் இல்லாமல் உள்ளே விட்டு நிறுத்தினார். முதல் வருஷம் நின்ற தண்ணீர் உப்பைக் கரைத்துக் கலங்கலாய்க் கிடந்தது. அதைத் திறந்துவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடியும் நிரப்பினார். தண்ணீர் வற்றுகிற இடமெல்லாம் தக்கைப்பூண்டு விதைத்தார். அது உப்பையும் தாங்கி இடுப்பளவு வளர்ந்தது. பூக்கும் முன்னே மடக்கி உழுதார். கோடையில் மேற்கேயிருந்து ஆடு ஓட்டி வருகிற கீதாரிகளுக்குச் சோறு போட்டுப் பள்ளத்தில் கிடை அமர்த்தினார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் காலடியும் பட்டுச் சாம்பல் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. சிவக்கவில்லை. அது இனிமேல் சிவக்காது என்று அவருக்குத் தெரியும். சில நாள் பொழுது சாயும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முன்பு அங்கே கம்பு நின்ற உயரம், எள்ளுப் பூவின் வெள்ளை, முதல் மழைக்கு அந்த மண்ணிலிருந்து எழும்பின வாசனை எல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் வந்துவிட்டுப் போகும். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

கிழக்கே நாலு பேர் வயலும் உப்பளமானது. வெள்ளைக் குவியல்கள் வரிசையாக நின்றன. நிலா நாளில் அழகாகத்தான் இருக்கும். போரில் உப்புத் தண்ணீர் இரவும் பகலும் ஏறியது. ஊரில் ஒவ்வொரு கிணறாகக் கரிக்கத் தொடங்கியது. ப்ளாட் போடுகிறோம் என்று ஒருத்தர் மேற்கு விளையைக் கேட்டு வந்தார். வடிவு அவருக்கு மோர்கூடக் கொடுக்கவில்லை.

உப்பளம் வந்த பிறகு வந்த முதல் முழுக் கோடைதான் சோதனை. வன்னியபெருமாளின் பள்ளம் பங்குனியில் வறண்டுவிட்டது. இனி மழை வர ஐப்பசி ஆகும். அதுவரைக்கும் அடியில் இறங்கின தண்ணீர் கிணற்றைக் காப்பாற்றினால் உண்டு. காப்பாற்றாவிட்டால் மஞ்சக்காணியும் வெள்ளையாய்ப் பூக்கும். அவர் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கவே பயந்தார். குடிக்கக்கூட, மழைக்காலத்தில் பிடித்து வீட்டில் மூடிவைத்திருந்த பானைத் தண்ணீரையே மொண்டு குடித்தார். வடிவு அதைக் கவனித்தாள். அவளும் அந்தக் கோடையில் அடுப்பில் பருப்பு வைக்கவில்லை.

கத்திரி சித்திரை வெயிலிலும் நின்றது. ஆனால் செடியை நம்ப முடியாது. நெல்லும் தையில் பச்சையாய்த்தான் நின்றது.

ஒருநாள் மத்தியானம் முத்துக்கனி கையில் ஒரு சட்டியோடு வந்தாள். எஞ்சின் போட்ட அடுத்த விளைக்காரரின் மனைவி. சட்டியில் துவரம்பருப்பு, தண்ணீரில் கல்லுக் கல்லாய்க் கிடந்தது.

“மதினி, காலையிலேருந்து எரிக்கேன். வெறகு போனதுதான் மிச்சம். எங்க தண்ணியில பருப்பு வேகமாட்டேங்கு. ஒங்க தண்ணியில வச்சிப் பாக்கவா?”

அந்தப் பக்கத்துப் பெண்கள் தண்ணீரை நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். நாக்கு ஏமாறும், நாள்பட்டால் உப்புக்குப் பழகிவிடும். பருப்புப் பழகாது. வடிவு ஒரு குடம் தண்ணீரைத் தானே போய் இறைத்துக்கொண்டு வந்தாள். முத்துக்கனியின் பருப்பைக் களைந்து புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

வன்னியபெருமாள் வாசலில் வேப்பமரத்தடியில் கடவத்துக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நடப்பது அவருக்குத் தெரிந்தது. நாரை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். உள்ளே இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். அவருக்கு அந்தச் சிரிப்பே எரிச்சலாக இருந்தது. புகை வந்தது. பருப்பு கொதிக்கிற வாசனை வந்தது. கொதிப்பது வேறு, வேகுவது வேறு.

கொஞ்ச நேரம் கழித்து வடிவு நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் அகப்பை. அதன் நுனியில் மஞ்சளாய் ஒட்டியிருந்தது.

“என்னளா?” என்றார் அவர், நாரைப் பார்த்துக்கொண்டே.

“அகப்பை பட்டதும் கரையுது. முத்துக்கனி ரெண்டு குடம் தண்ணி கேக்கா, இறைச்சிக் குடுங்க. பெறகு வந்து சாப்பிடுங்க.”

அவர் எழுந்து போய் இறைத்துக் கொடுத்தார். கடைசிக் குடத்தை ஊற்றும்போது கையைக் குவித்து ஒரு வாய் குடித்தார். லேசாக ஒரு கரிப்பு இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கத்திரிக்கும் வெங்காயத்துக்கும் தாங்கும். ஐப்பசி வரைக்கும் தாங்கும்.

வந்து சாப்பிட்டார். பருப்பை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். முத்துக்கனி அவர்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பருப்பைச் சட்டியோடு கொண்டுபோய்விட்டாள். வடிவு எதிரே உட்கார்ந்து, வெகுநாள் கழித்து, தன் தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றாள். கை கழுவினதும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு வரப்புக்குப் போனார். அங்கே நண்டு வளை போட்டிருந்தது. மழைக்கு முன்னால் அதையெல்லாம் மிதித்து அடைக்க வேண்டும்.